ஆறு ரப்பர் வளையங்கள்

வயிற்றைக் கிழிக்காமல், மூன்று துளை மட்டும் போட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கும் கைப்பரீட்சை உண்டு என்பது ராஜபாண்டிக்கு அன்று காலை பதினொன்றரை மணிக்குத்தான் தெரியவந்தது. அதுவும் நோயாளியே இல்லாத பரீட்சை. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மூடியில் இரண்டு துளை, உள்ளே ஒரு கேமரா. துளை வழியாக நீளமான இரண்டு இடுக்கிகளை விட்டு, உள்ளே நடப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இடப்பக்கக் குச்சிகளில் இருக்கும் ஆறு ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தரத்திலேயே கைமாற்றி, வலப்பக்கக் குச்சிகளில் மாட்டுவது முதல் வேலை. துணியில் வரைந்த வட்டத்தைக் கோடு தாண்டாமல் வெட்டுவது இரண்டாவது. ரப்பர் பட்டையில் ஊசி ஏற்றி முடிச்சுப் போடுவது மூன்றாவது.

"எங்க தாராவி லேபர் கேம்ப் பொம்மைக் கடையில இதவிடக் கஷ்டமான வெளாட்டெல்லாம் இருக்கு டாக்டர்," என்றான் ராஜபாண்டி.

டாக்டர் பிரேமலதா பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.

ஐந்து நிமிடம் கழித்து ராஜபாண்டியின் நெற்றி வியர்த்திருந்தது. கையை வலப்பக்கம் கொண்டுபோனால் உள்ளே இடுக்கி இடப்பக்கம் போகிறது. திரையில் பக்கத்தில் தெரிகிற குச்சி, தொடப்போனால் எட்டவில்லை. ஆறில் ஒரே ஒரு வளையம் இடம் மாறியிருந்தது. மூன்று கீழே கிடந்தன.

"நோயாளி பொழைச்சாளா?" என்று கேட்டார் பத்மஜா.

"நல்லவேளை மேடம், ரப்பர் பொம்பளைக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்ல," என்று அவன் இடுக்கிகளைக் கீழே வைத்தான்.

பத்மஜா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பொய்க் கிளெய்ம் பிடித்தவர். ஓய்வு பெற்ற கையோடு மாட்டுங்காவில் ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தார். ராஜபாண்டி அவருக்கு உதவியாளன், டிரைவர், தாராவிப் பக்கத்துக்கு வழிகாட்டி. சம்பளம் அதில் ஒன்றுக்குத்தான் வருகிறது என்பது அவன் கட்சி. டாக்டர் பிரேமலதா அதே மாட்டுங்காவில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். பெண்களுக்கான துளை ஆபரேஷன் படிப்பில் அவர் பரீட்சகர். பெயரும் முகமும் தெரியாமல், எண் மட்டும் ஒட்டிய வீடியோக்களைப் பார்த்து மார்க் போடுவது அவர் வேலை. வீடியோவில் கை தெரியாது. இடுக்கிகளின் நுனி மட்டும்தான் தெரியும்.

இந்த வழக்கை அலுவலகத்துக்குக் கொண்டுவந்ததே ராஜபாண்டிதான். அவன் சந்திலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறார் பிரம்மநாயகம் அண்ணன். ஐரோலியில் லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி மாரீஸ்வரி ஒரு டப்பா கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். வயது முப்பத்து நாலு. கர்ப்பப்பையில் கட்டி என்று செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் டாக்டர் சாருலதாவிடம் துளை ஆபரேஷன் செய்துகொண்டாள். மறுநாள் எழுந்து நடந்தாள். பசிக்கிறது என்றாள். கஞ்சித் தண்ணீர் மட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தும், மனசு கேட்காமல் பிரம்மநாயகம் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

'உறவினர் அறிவுரையை மீறித் திட உணவு கொடுத்துள்ளார்' என்று நர்சிங் ஹோம் காகிதத்தில் எழுதிவிட்டது. மாரீஸ்வரியின் அம்மா அந்தக் காகிதத்தை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒன்பது வயதுப் பேத்தியைக் கையைப் பிடித்து டோம்பிவிலிக்கு அழைத்துக்கொண்டு போனவள்தான், நான்கு மாதமாக மருமகன் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுகிறாள். பிரம்மநாயகம் ராஜபாண்டியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் அவளக் கொன்னேனா இல்லியா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லச் சொல்லுடே ஒங்க மேடத்த."

"பிரேதப் பரிசோதனையில குடல்ல தீக்குச்சி முனை அளவுக்கு ஒரு ஓட்டை," என்றார் பிரேமலதா. "சூடு பட்ட ஓட்டை. அது ஆபரேஷன்போது சுடுற கருவி பட்டதால வந்தது. இட்லிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா விசாரணைக் குழு முன்னாடி நின்னா அவங்க முதல்ல பாக்கிறது டாக்டரோட கை எப்படின்னுதான். நல்ல கைக்கும் எப்பவாவது ஒருதரம் இப்படி நடக்கும். அதை விபத்துன்னு எழுதிட்டு, 'சாப்பாடு வேற கொடுத்திருக்காங்க'ன்னு ஒரு வரி சேர்த்துடுவாங்க."

"சாருலதாவோட கை எப்படி?" என்றார் பத்மஜா. நர்சிங் ஹோம் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழிலிருந்து அந்தப் பரீட்சை எண்ணை அவர்தான் போனில் படம் பிடித்து வந்திருந்தார்.

"அந்த வருஷத்துலயே முதல். நூத்துக்குத் தொண்ணூத்தாறு. போட்டது நான்தான்."

வீடியோ ஓடியது. இரண்டு நுனிகள் உள்ளே வந்தன. ஒரு தடுமாற்றம் இல்லை, ஓர் அசைவு வீணில்லை. வளையங்கள் ஆறும் இடம் மாற ஐம்பத்தெட்டு விநாடி. கத்தரி வட்டத்தின் கோட்டை விட்டு மயிரிழை விலகவில்லை. முடிச்சு விழுந்தது. ராஜபாண்டி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கை குடலைச் சுடுமா?" என்று கேட்டார் பிரேமலதா. "நாலு நாளா தூக்கமில்லை. இதைப் பாத்துட்டு யாரும் பாஸ் போடாம இருக்க முடியாது. ஆனா நான் பாஸ் போட்டுத்தான் அந்தப் பொண்ணு அங்க போய்ப் படுத்திருக்கா."

"வீடியோ முடியலையே. இன்னும் ஓடறதே," என்றார் பத்மஜா.

"முடிச்சு விழுந்ததும் பரீட்சை முடிஞ்சாச்சு. அதுக்கப்புறம் நான் பாக்கிறதில்லை. வெட்டி ஒட்டினா செல்லாதுங்கிறது விதி, அதனால எல்லாரும் மிச்சத்தோட அப்படியே அனுப்பிடுவாங்க."

மிச்சம் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் இடுக்கிகள் மறுபடி வளையங்களிடம் போயின. வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இடப்பக்கத்துக்கே கொண்டுவந்து மாட்டின. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிற வரிசை மாறாமல். ஒரு வளையம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதையும் தட்டி நேராக்கிவிட்டுத்தான் நுனிகள் வெளியே போயின.

"பரீட்ச எழுதி முடிச்சிட்டு ஹாலப் பெருக்கிக் கோலம் போட்டுட்டுப் போறவள எங்கயாவது பாத்திருக்கியளா மேடம்?" என்றான் ராஜபாண்டி.

பத்மஜா அவனைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொருதரம் சொல்லு."

"கோலம்னு சும்மா ஒரு பேச்சுக்கு..."

"டாக்டர், புதுசா பெட்டி வாங்கறச்சே வளையம் எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடப்பக்கம். சிவப்பு, மஞ்சள்..." பிரேமலதா பாதியில் நிறுத்தினார். பெட்டி மூடியின் மேல் ஒட்டியிருந்த படத்தை மூவரும் பார்த்தார்கள். அதே வரிசை.

"பரீட்சை எழுதறவாளுக்கு முடிச்சு விழுந்தா வேலை முடிஞ்சது," என்றார் பத்மஜா. "இந்தக் கைக்கு முடியலை. பெட்டி படத்துல இருக்கிற மாதிரி ஆனாத்தான் இதுக்கு வேலை முடியும். இது பெட்டியை வாங்கினவா கை இல்லை. செஞ்சு விக்கறதுக்கு அனுப்பறவா கை."

பெட்டியின் அடியில் தயாரிப்பாளர் முகவரி இருந்தது. தாராவி, கும்பார்வாடாவுக்குப் பின்னால் ஒரு சந்து.

தாராவியிலேயே பிறந்தவனுக்கும் தாராவி முழுக்கத் தெரிந்திருக்காது. இரண்டு இடத்தில் விசாரித்து, தோல் வாடையும் சூடான பிளாஸ்டிக் வாடையும் மாறி மாறி அடித்த சந்துகளைக் கடந்து போனார்கள். வழியெல்லாம் ராஜபாண்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆள் மாறாட்டம், கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறோம், பிரம்மநாயகம் அண்ணன் தலைநிமிர்ந்து டோம்பிவிலி போகப்போகிறார். சாருலதாவுக்கு ஜெயிலில் என்ன மெனு கொடுப்பார்கள் என்பதுவரை பேசிவிட்டான். பத்மஜா ஓரிடத்தில் நின்று கைப்பையிலிருந்து டயரியை எடுத்தார். பிரம்மநாயகம் முதல் சந்திப்பில் சொன்னதைக் குறித்துவைத்திருந்த பக்கம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடினார்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லை. நட."

இரும்பு ஏணி ஏறி மாடிக்குப் போனால் பட்டறை. முதலாளி அப்துல் ரவூப் காயல்பட்டினத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். "வாங்க வாங்க, உக்காருங்க," என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பத்துப் பெட்டி வாங்க வந்திருப்பதாக பத்மஜா சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நம்ம சரக்குல ஒரு பழுது சொல்ல முடியாதும்மா. ஒவ்வொரு பொட்டியையும் ஆள வெச்சு செஞ்சு பாத்துட்டுத்தான் வெளிய விடுறது. சஃப்ரீன், செஞ்சு காட்டும்மா."

ஜன்னலோரம் மேஜை முன்னால் நின்ற இருபது வயதுப் பெண் இடுக்கிகளை எடுத்தாள். வளையங்கள் இடம் மாறின. வட்டம் வெட்டினாள், முடிச்சுப் போட்டாள். போட்ட கையோடு வளையங்களை இடப்பக்கமே திருப்பி மாட்டினாள், நிறம் பார்த்து.

ராஜபாண்டி பத்மஜாவின் காதோரம் குனிந்தான். "ஆளு சிக்கிட்டா மேடம்."

பத்மஜா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வளையத்துக்கு மட்டும் ரெண்டு நிமிஷம். இவ இல்லை."

சஃப்ரீனுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "நான் ஜாயின் பண்ணி மூணு மாசந்தான் ஆகுது ஆன்ட்டி. இன்னும் ஸ்பீடு வரல. இதப் பாத்துத்தான் பழகுறேன்," என்று மேஜைமேல் சாய்த்து வைத்திருந்த போனைக் காட்டினாள். திரையில் இரண்டு நுனிகள் ஓடிக்கொண்டிருந்தன. சாய்ந்திருந்த வளையத்தைத் தட்டி நேராக்கின. அதே வீடியோ.

"யார் பண்ணினது இது?"

"எனக்கு முன்னால இருந்த அக்கா. நான் பாத்ததில்ல."

ரவூப் பாய் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அந்தப் புள்ள மவுத்தாயிட்டும்மா. நாலு மாசம் ஆச்சு. அது மாதிரி ஒரு கை இனிமே எனக்குக் கெடைக்காது. ஏழு வருசம் இந்த மேசையிலதான் நின்னா."

"பேரு?" என்றான் ராஜபாண்டி.

"மாரீஸ்வரி."

கீழே எங்கோ அச்சு மெஷின் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பத்மஜா ராஜபாண்டியைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஜன்னலோர மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் காலை எட்டரை மணிக்கு டிபன் பையோடு அவன் வாசலைத் தாண்டிப் போகிறவள். 'என்ன மைனி, இன்னிக்கும் டப்பா எண்ணப் போறியளா' என்று அவன் கேலி செய்யாத நாள் இல்லை. அவளும் சிரித்துக்கொண்டே, 'ஆமா கொழுந்தனாரே, நீங்க போயி திருடன எண்ணுங்க' என்பாள்.

பத்மஜா தாங்கள் யார் என்பதை அப்போதுதான் சொன்னார். சாருலதாவின் பெயரைச் சொன்னதும் ரவூப் பாய் எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்த டாக்டரம்மா நாலஞ்சு தடவ வந்தாங்க. பொட்டி வாங்கிட்டுப் போயும் கை படியலேன்னு வந்து மாரிகிட்டதான் கத்துக்கிட்டாங்க. மாரி பக்கத்துல நின்னு பொறுமையாச் சொல்லிக் கொடுக்கும். அப்பவும் வரல. கடைசியா, வீட்ல பாத்துப் பழகுறேன், மாரி செய்யறத ஒரு வீடியோ அனுப்புங்க பாய்னு கேட்டாங்க. நான்தான் வாட்ஸ்அப்ல அனுப்புனேன்." போனை எடுத்துத் தேடினார். கேட்ட தேதி இருந்தது, அனுப்பிய தேதியும் இருந்தது. பரீட்சைக்கு வீடியோ அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தின நாள்.

"அதைத்தான் தன் கைன்னு அனுப்பி சான்றிதழ் வாங்கியிருக்கா," என்றார் பத்மஜா.

"யா அல்லா!" ரவூப் பாய் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க கையில சான்றிதழ் இருக்குன்னே எனக்குத் தெரியாதேம்மா. மாரிக்கும் தெரியாது. ஆபரேசனுக்கு அங்கதான் போறேன்னு அது சொன்னப்போ நான் கேட்டேன். ஏம்மா, இந்தப் பொட்டியிலயே அந்தம்மா தடுமாறுறாங்க, அவங்ககிட்டயா வயித்தக் காட்டப் போறேன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. 'இது வெறும் டப்பா பாய். அவ்வோ டாக்டருக்குப் படிச்சவ்வோ. நம்ம டப்பாவுல கை வரலன்னா என்ன, நெச வயித்துல வராமயா போவும்'னு சொல்லுச்சு. நானும், அதுவும் சரிதானேன்னு விட்டுட்டேன்."

அவர் அழுதார். வயதான மனிதர் கூச்சமில்லாமல் அழுவதைப் பார்க்க முடியாமல் சஃப்ரீன் போனை அணைத்தாள்.

ஏணி இறங்கியதும் ராஜபாண்டி நின்றுவிட்டான்.

"மேடம், பாதியச் சொன்னாப் போதும். இட்லியால இல்ல, டாக்டர் பொய்யா சான்றிதழ் வாங்கியிருக்கா. அதோட நிறுத்திக்கிடுவோம். யாரு கைன்னு சொல்ல வேண்டாம். அண்ணன் தாங்க மாட்டாரு."

"வழக்கு நடக்கணுமா வேண்டாமா?"

"நடக்கணும்."

"நடந்தா முதல் சாட்சியே இந்த வீடியோதான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'இறந்துபோன பெண்ணே இதைச் செய்து கொடுத்தாள்'னு சொல்லுவான். அவர் அதை அங்க உக்காந்து கேக்கணுமா?" பத்மஜாவின் குரல் இறங்கியது. "உன் வாயால கேக்கட்டும் ராஜபாண்டி. என் வாயால வேண்டாம். நான் வெளி ஆள்."

பிரம்மநாயகம் அன்று வேலைக்குப் போயிருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட எடுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ராஜபாண்டியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

"சொல்லுடே. நான்தானா?"

"நீங்க இல்லண்ணே. ஆபரேசன்லயே குடல்ல ஓட்ட விழுந்துட்டு. நீங்க இட்லி குடுத்திருந்தாலும் அதான், பச்சத் தண்ணி குடுக்காம இருந்திருந்தாலும் அதான். பெரிய டாக்டரம்மா பேப்பரப் பாத்துட்டுச் சொன்னாவ."

"சத்தியமாவா?"

"எம் புள்ள மேல சத்தியம்."

பிரம்மநாயகம் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான்கு மாதமாக ஊரும் உறவும் சொன்னதை நம்பி, தன்னையே கொலைகாரன் என்று எண்ணிக் கிடந்த மனிதர். தோள் குலுங்குவது நிற்கும்வரை ராஜபாண்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு மீதியையும் சொன்னான். அவன் வாழ்நாளில் ஒரு விஷயத்தை அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை. பெட்டி, வளையம், பரீட்சை, வாட்ஸ்அப். டாக்டர் தன்னுடையது என்று அனுப்பியது யாருடைய கை என்பதை மட்டும் கடைசியில் சொன்னான்.

பிரம்மநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அதக் காட்டு," என்றார்.

ராஜபாண்டி, ரவூப் பாயிடம் வாங்கி வந்த வீடியோவை ஓடவிட்டுப் போனை நீட்டினான். இரண்டு நுனிகள் உள்ளே வந்தன. பிரம்மநாயகம் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முழுதும் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

"கையி தெரியாதாடே?"

"தெரியாதுண்ணே. உள்ள மட்டுந்தான் எடுக்கும்."

"ஒரு வளையலாவது?"

ராஜபாண்டி இல்லை என்று தலையசைத்தான். வாசலில் நின்றிருந்த பத்மஜா முகத்தைச் சந்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதுக்கு எத்தன மார்க்கு போட்டாவ?"

"நூத்துக்குத் தொண்ணூத்தாறுண்ணே. எல்லா டாக்டரும் சேந்து எழுதுன பரீட்சையில இதான் முதல்."

"பேக்கிங்னுல்லாடே எங்கிட்டச் சொன்னா," என்றார் பிரம்மநாயகம். "ஏழு வருசமா. நானும் என்ன ஏதுன்னு ஒருநாள் கேட்டதில்ல."

தன் போனை எடுத்து டோம்பிவிலி நம்பரை அழுத்தினார். மணி போயிற்று. எதிர்ப்பக்கம் அத்தையின் குரல் கேட்டது. யாரென்று தெரிந்ததும் மூச்சு இழுக்கிற சத்தம். ராஜபாண்டி மனசுக்குள், 'முதல்ல இட்லியச் சொல்லுங்கண்ணே, இட்லியச் சொல்லுங்க' என்று தவித்தான்.

"வச்சிராதிய அத்த. ஒரே ஒரு வார்த்த," என்றார் பிரம்மநாயகம். அழுகையை அடக்கிக்கொண்டு, குரலை உயர்த்திச் சொன்னார். "ஒங்க மவ டாக்டர் பரீட்சையில தொண்ணூத்தாறு மார்க்கு வாங்கியிருக்கா, அத்த."

அத்தை போனை வைக்கவில்லை.